மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்

சதுரங்கப் பலகைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நாலு, எட்டு... 64-வது கட்டம் முடிவதற்குள் ராஜா போண்டி. அந்தப் பலகையோடு இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டுங்கள். மொத்த நெல்மணி 147573952589676412927. அதாவது, 67 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தது.

இத்தனை நெல்லை மிச்சமில்லாமல் சமமாகப் பங்கு போட முடியுமா?

முடியாது, இது பகா எண் என்று 1644-ல் எழுதிவைத்தார் மெர்சன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாது என்று அர்த்தம். 1876-ல் எதுவார் லூகா என்பவர், வகுத்தே பார்க்காமல் வேறொரு சோதனை செய்து, 'பாதிரியார் சொன்னது தப்பு' என்று நிரூபித்தார். சரி, எதால்தான் வகுபடும்? அதை அந்தச் சோதனை சொல்லாது. வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம். பரண் மேலா, கட்டிலுக்கு அடியிலா என்பதுதான் தெரியவில்லை!

27 வருஷம் திருடன் அகப்படவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ராங்க் நெல்சன் கோல் எழுந்தார். அன்று நடந்ததைப் பிற்பாடு பெல் என்ற கணித மேதை எழுதியிருக்கிறார். கோல் வாயே திறக்கவில்லையாம். கரும்பலகையில் அந்த 21 இலக்க எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். பக்கத்தில் 193707721, 761838257287 இரண்டையும் எழுதிப் பொறுமையாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே கைதட்டல். கேள்வி கேட்க ஆளில்லை.

கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆச்சு என்று பெல் கேட்டதற்கு, 'மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம் கோல்.

இதை நான் ஆபீஸில் சொன்னபோது பக்கத்து சீட் தம்பி, "இதனால என்ன சார் பிரயோஜனம்? செல்போன்ல போட்டா கண் சிமிட்றதுக்குள்ள வந்துடுமே!" என்றான்.

வரும். 21 இலக்கத்துக்கு வரும். ஆனால் அந்த செல்போனில் அவன் பாங்க் கணக்கைப் பார்க்கிறானே, அந்த மாதிரி இடங்களில் போடும் ஒரு பூட்டே இந்தக் கஷ்டத்தை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கியதை மறுபடி பிரிப்பது பிராணாவஸ்தை. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் இதை வைத்துப் பூட்டு செய்தார்கள். 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, பிரித்தால் 100 டாலர் என்று சவாலும் விட்டார்கள். 1994-ல் சுமார் 600 பேர் தங்கள் கம்ப்யூட்டர்களை இரவல் கொடுத்து, பல மாதம் முயன்று பிரித்தார்கள். அதே வகையில் 617 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதை இன்னும் யாரும் பிரித்துக் காட்டவில்லை.

தம்பி அவசரமாகத் தன் செல்போனைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

போன ஞாயிறு மத்தியானம் கோலின் பெருக்கலை நானும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எட்டு வரிசை. முதல் தடவை தப்பு, இரண்டாவது தடவையும் தப்பு. காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்து, "மளிகைக் கணக்கை என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். மூன்றாவது தடவை 21 இலக்கமும் அச்சாக வந்து உட்கார்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது.

விடை தெரிந்த கணக்குக்கே எனக்கு ஒரு ஞாயிறு. விடை கிடைக்குமா என்றே தெரியாமல் அந்த மனிதர் நூற்றைம்பது ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறார். என்னுடைய நூற்றைம்பதும் எங்கே போயின என்று யோசித்தேன். தூங்கின ஞாபகம்தான் வருகிறது.