தோலுக்குச் சோதனை உண்டு, மூச்சுக்கு இல்லை!

வீடு கட்டுகிற இடத்துக்குப் போனால் கொத்தனாரின் கைகளைப் பாருங்கள். சித்தாளின் விரல்களையும் பாருங்கள். சிலருடைய கை சொரசொரப்பாக இருக்கும். அவ்வளவுதான். சிலருடைய கையோ சிவந்து, வெடித்து, நீர் கசியும். இரவில் தூங்கவிடாமல் அரிக்கும்.

"சிமெண்டு அரித்துவிட்டது" என்று சொல்லுவார்கள். இரண்டு கைகளையும் கெடுத்தது ஒரே சிமெண்டுதான். ஆனால் நோய் ஒன்றல்ல.

ஈரச் சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் இருக்கிறது. அது யார் கையையும் புண்ணாக்கும். கொஞ்ச நாள் சிமெண்டைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும். இது எரிச்சல்.

மற்றது அலர்ஜி. இது எல்லோருக்கும் வருவதில்லை. மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், ஒன்றும் செய்யாமல் இருந்த பொருளை உடம்பு திடீரென்று ஒரு நாள் பகைவனாக நினைத்துவிடுகிறது. அதன் பிறகு கொஞ்சம் பட்டாலே போதும். அரிப்பு வந்துவிடும். இந்தப் பகை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தீராது.

சிமெண்டில் இந்தப் பகையை மூட்டுவது எது? குரோமியம் என்ற உலோகம். மூலப் பொருள்களோடு மிகச் சிறிய அளவில் அது வருகிறது. சூளையின் கடும் வெப்பத்தில் அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைகிற வகையாக மாறிவிடுகிறது. கரைந்தது தோலுக்குள் புகுந்துவிடுகிறது.

அன்னபேதி செய்த வேலை

டென்மார்க் தேசத்தில் 1981 முதல் சிமெண்டோடு இரும்பு உப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே உப்புதான். அது குரோமியத்தைத் தோலில் எளிதில் புகாத வகையாக மாற்றிவிடும். சில வருஷங்களில் அங்கே கட்டடத் தொழிலாளரிடம் இந்த அலர்ஜி குறைந்தது.

பிறகு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு சட்டம் செய்தன. 2005 ஜனவரி முதல் அங்கே விற்கும் சிமெண்டில், கரையும் குரோமியம் பத்து லட்சம் பங்குக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அன்னபேதியின் பலன் நாளாக ஆகக் குறையும். ஆகவே மூட்டையில் தேதி போடவேண்டும். எத்தனை நாள் வரை பலன் இருக்கும் என்றும் போடவேண்டும். விலை அதிகமில்லாத உப்பு. தேதி போட்ட மூட்டை. இதற்கு மேல் பெரிய வித்தை எதுவும் இல்லை.

ஒரு தொழிலாளிக்கு வந்திருப்பது அலர்ஜியா, வெறும் எரிச்சலா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. சந்தேகப்படும் பொருளைச் சிறிதளவு முதுகில் வைத்து, மேலே பட்டை ஒட்டுவார்கள். 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு மறுபடியும் ஒரு நாள் பார்ப்பார்கள். அந்த இடம் சிவந்து தடித்திருந்தால் குற்றவாளி அகப்பட்டது என்று அர்த்தம். யாடசோன் என்ற ஜெர்மன் டாக்டர் 1895-ம் வருஷம் வெளியிட்ட முறை இது. இன்றும் தோல் டாக்டர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எலி தப்பவிட்ட குற்றவாளி

இது நோய் வந்த பிறகு செய்யும் சோதனை. தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு ரசாயனம் வருகிறது. அது மனிதன் கையில் படுவதற்கு முன்பே ஆபத்தை அறிய முடியுமா?

முதலில் கினிப் பன்றியின் தோலில் தடவிப் பார்த்தார்கள். பிறகு சுண்டெலியின் காதில் 3 நாள் தடவினார்கள். நமக்குக் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அதைப் போல எலியின் காதருகே உள்ள நெறியில் அணுக்கள் எவ்வளவு பெருகின என்று அளந்தார்கள். சாதாரணத்தைப் போல 3 மடங்கு ஆகிவிட்டால் அந்த ரசாயனம் அலர்ஜி உண்டாக்கும் என்று தீர்ப்பு.

எலியின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருந்ததா? இல்லை. கவரிங் தோடு போட்டுக் காது புண்ணான பெண்கள் எத்தனை பேர்! அதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். ஆனால் இந்த எலிச் சோதனையில் நிக்கல் பல தடவை தப்பிவிட்டது. மனித உடம்பில் நிக்கல் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எலியின் உடம்பில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது.

பிராணிகளை வதைக்கக்கூடாது என்ற குரலும் வலுத்தது. பிராணிகளிடம் சோதித்த அழகுப் பொருள்களை விற்க ஐரோப்பாவில் 2013-ல் தடை வந்தது. அழகுப் பொருள்களை அப்படிச் சோதிப்பதற்கு நம் நாட்டில் 2014-ல் தடை வந்தது.

இப்போது எலியின் இடத்தில் 3 சாட்சிகள் இருக்கின்றன. ரசாயனம் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பது ஒன்று. கிண்ணத்தில் வளர்த்த மனிதத் தோல் அணு பதறுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. உடம்பின் காவல்கார அணுக்கள் விழித்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பது மூன்றாவது. இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொன்னால் அதுவே தீர்ப்பு. பஞ்சாயத்து போலத்தான்! பாரிஸ் நகரில் உள்ள பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2021-ல் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

மூச்சின் கதை

தோலின் கதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. மூச்சின் கதை வரவில்லை. ஒரு ரசாயனம் ஆஸ்துமாவை மூட்டுமா என்று முன்கூட்டிச் சொல்ல, நாடுகள் கூடி ஏற்ற சோதனை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

தோல் சோதனை கொஞ்சம் உதவும். ஆஸ்துமாவை மூட்டும் ரசாயனங்களில் பெரும்பாலானவை தோல் சோதனையிலும் சிக்கிவிடுகின்றன. ஆனால் தோல் சோதனையில் சிக்குபவற்றில் பல, மூச்சை ஒன்றும் செய்வதில்லை. எது செய்யும், எது செய்யாது என்று பிரித்துச் சொல்லத்தான் வழி இல்லை.

அப்படியானால் யார் மேல் சோதிக்கிறார்கள்? தொழிலாளி மேல்தான்! யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

ஐசோசயனேட் என்ற ரசாயனக் குடும்பம் இதற்குச் சாட்சி. ஃபோம் மெத்தை செய்யவும், காருக்கு அடிக்கும் பெயிண்டை இறுகவைக்கவும் அது உதவுகிறது. பெயிண்டிங் பட்டறையில் ஹார்டனர் என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அதனோடு வேலை செய்தவர்களுக்கு மூச்சிரைப்பு வந்ததைப் பிரான்சில் 1951-லேயே எழுதினார்கள். சோதனைக் கூடம் கண்டுபிடிக்கவில்லை. ஆட்கள் இருமியதால் தெரிந்தது.

வீட்டில் கிடக்கும் மெத்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெத்தை ஆகிவிட்ட பிறகு அந்த ரசாயனம் வேறு பொருளாக மாறிவிடுகிறது. போபாலில் 1984-ல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற வாயுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது அலர்ஜி அல்ல, நச்சு.

இந்த ரசாயன வகை நூற்றில் 0.1 பங்குக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலில் உபயோகிப்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2023 ஆகஸ்டு 24 முதல் விதி. 1951-க்கும் 2023-க்கும் இடையே எத்தனை வருஷம்! பயிற்சி நல்லதுதான். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் சரியான முகமூடியும் இல்லாத பட்டறையில் பயிற்சி மட்டும் என்ன செய்யும்?

தொழிலாளர் நஷ்ட ஈடு பற்றிய நமது சட்டத்திலும் தொழிலால் வரும் ஆஸ்துமா இருக்கிறது. ஆனால் அதை உண்டாக்கிய பொருள் "அங்கீகரிக்கப்பட்ட" பொருளாக இருக்கவேண்டும். முன்கூட்டிச் சோதிக்க வழியில்லாதபோது, ஒரு புதுப் பொருளுக்கு அந்த அங்கீகாரம் எப்படிக் கிடைக்கும்? பல பேருக்கு நோய் வந்து, டாக்டர்கள் எழுதிவைத்த பிறகுதான்.

நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஆஸ்துமா சில சமயம் வேலை நேரத்தில் வராது. வீட்டுக்கு வந்த பிறகு மாலையிலோ இரவிலோ வரும். "வீட்டுத் தூசி, பனிக்காற்று" என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். லீவு நாளில் மூச்சு சுகமாக இருக்கிறதா, வேலைக்குத் திரும்பியதும் மோசமாகிறதா என்று கவனிக்க வேண்டும். என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும். மூச்சின் வேகத்தை அளக்க, வாயில் வைத்து ஊதும் சிறிய குழாய்க் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தினம் 4 தடவை ஊதி, வேலை நாளிலும் லீவு நாளிலுமாக 4 வாரம் எழுதிவந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. சீக்கிரம் கண்டுபிடித்து அந்தப் புகையிலிருந்து விலகியவர்களில் பலர் தேறியிருக்கிறார்கள். வருஷக் கணக்கில் அதே பட்டறையில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா விடவில்லை.