ஏட்டில் முடியும் பயிற்சி!

மருத்துவம் பயின்ற மாணவன் எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் வென்ற பின்னரும், ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் நோயாளிகளின் அருகே நின்று பணியாற்றிய பிறகே முழு மருத்துவனாகப் பதிவு பெறுகின்றான். அவ்வோராண்டை ஏட்டில் மட்டும் எழுதிக் காட்டி ஏய்த்துவிட்டால், நாளை அவன் கத்தியின் கீழ்க் கிடக்கப்போகும் உயிர் என்னாகும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால், செவி கேளாத குழந்தையின் நாவில் முதற்சொல்லைப் பிறப்பிக்கவும், கண் காணாத குழந்தையின் விரல்நுனியில் எழுத்தை அமர்த்தவும், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தை தன் சட்டையைத் தானே அணியுமாறு பழக்கவும் பொறுப்பேற்கின்ற சிறப்பாசிரியரின் களப்பயிற்சியோ, பல இடங்களில் எவரும் பொருட்படுத்தாத வெறுஞ் சடங்காக நடந்து முடிகின்றது. இதனைக் கண்டும் காணாதார் போல் நாம் இருத்தல் தகாது.

சட்டத்தில் குறையில்லை. சிறப்பாசிரியர் முதலான மறுவாழ்வுப் பணியாளரின் பயிற்சியை ஒழுங்குபடுத்துதற்கென 1992-இல் இயற்றப்பெற்ற நடுவணரசுச் சட்டத்தின்வழி இந்திய மறுவாழ்வு மன்றம் அமைந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கிற் கொண்டிருக்க, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. பார்வையோ கேட்கும் திறனோ இழந்தார்க்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தரப்படல் வேண்டும் என அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது. தொடக்க நிலையில் 10 மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவர்க்கு ஒருவர் என்னும் அளவில் சிறப்பாசிரியர் இருத்தல் வேண்டுமென 2022-இல் நடுவணரசு வரையறுத்தது. தாம் தேர்ந்த குறைபாட்டுக்குரிய சிறப்புப் பள்ளி, வேறொரு குறைபாட்டுக்குரிய சிறப்புப் பள்ளி, எல்லாக் குழந்தைகளும் ஒருங்கே பயிலும் பொதுப்பள்ளி ஆகிய மூவகைக் களங்களிலும் பயிற்சி பெறல் வேண்டுமென, 2015-இல் ஈராண்டாக்கப்பெற்ற கல்வியியல் இளநிலைச் சிறப்புக்கல்விப் பாடத்திட்டம் வகுத்தது. எழுத்தில் எல்லாம் இருக்கின்றன. குழந்தையின் அருகில்தான் ஆளில்லை!

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் பள்ளிக்குக் களப்பயிற்சிக்கென இளம்பெண்ணொருத்தி வந்தாள். நல்ல உழைப்பாளி. ஆயின், நாள்தோறும் தாழ்வாரத்தின் மூலையில் அமர்ந்து, முந்தைய ஆண்டு மாணவி எழுதிய பதிவேட்டைப் பார்த்துத் தன் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். "குழந்தையோடு எப்பொழுதம்மா பேசப் போகின்றாய்?" என்று கேட்டோம். "ஐயா, பதிவேட்டுக்குத்தான் மதிப்பெண், குழந்தையோடு பேசினால் மதிப்பெண் இல்லை" என்றாள். அவளை வழிநடத்த வேண்டியவர் ஒரேயொரு நாள் வந்தார். கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் கையொப்பமிட்டுச் சென்றார். குற்றம் அப்பெண்ணுடையதன்று, குழந்தையை விட்டுவிட்டுத் தாளை அளக்கின்ற முறையினுடையது.

அவள் கொண்டுவந்த ஆய்வு அட்டைகள் இன்னும் வியப்பானவை. பனிக்கட்டிப் பொம்மையும் அப்பம் வாட்டும் மின்கருவியும் படமாக இருந்தன. வினாக்களோ ஆங்கிலத்தில் இருந்தன. உழவுக் கூலியாளின் மகன் ஒருவன் அவற்றைக் கண்டு வாய் திறவாது நின்றான். 'சொல்வளம் குன்றியவன்' என்று பதிவேட்டில் ஏறிற்று. அன்று மாலையே அவனைப் பள்ளி வேலியோரம் அழைத்துச் சென்றோம். மேய்ந்துகொண்டிருந்தவற்றுள் இது கிடாய், இது மறி, இது குட்டி என்று தடையின்றிக் கூறினான். குன்றியது அவன் சொல்வளமா, ஆய்ந்தவரின் கருவியா?

களப்பயிற்சி தாய்மொழியில் நிகழ வேண்டும் என்று நாம் கூறுவது வெறும் மொழிப்பற்றினால் அன்று. செவித்திறன் குன்றிய குழந்தை பேசுவோரின் இதழசைவைக் கண்டே பல சொற்களை உணர்கின்றது. பகரமும் மகரமும் இரண்டிதழும் இயைவதால் பிறப்பவை. எனவே 'பாலை', 'மாலை' என்னும் இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மகரத்துக்கு மூக்கின் அதிர்வு உண்டென்பதை, அதன் விரலை நம் மூக்கின்மேல் வைத்துத்தான் உணர்த்த முடியும். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவுவதால் ழகரம் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் என்றோ கூறிவிட்டது. பிறப்பியலை மனப்பாடப் பகுதியாகவே படித்து முடித்த நம்மவர்க்கு, அது செவி கேளாத தமிழ்க் குழந்தைக்கு உயிர்நூல் என்பது தோன்றவில்லை. ஆங்கில ஒலிகளுக்கென ஆக்கப்பெற்ற பயிற்சி ஏட்டில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை.

பார்வையற்றார்க்குரிய புள்ளியெழுத்தும் அத்தகையதே. எழுதூசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகத் தடவிப் படித்தல் வேண்டும். அச்செழுத்தில் 'கெ' என்பதன் கொம்பு முன்னே நிற்கின்றது. புள்ளியெழுத்திலோ ககரம் முன்னும் எகரம் பின்னுமாக, ஒலிக்கும் ஒழுங்கிலேயே அமைகின்றன. மெய்யைக் காட்டும் புள்ளிக்குறி எழுத்துக்கு முன்னே வருகின்றது. இவற்றைக் கரும்பலகையில் கண்டு தேர்வெழுதியவர்க்கு, ஒரு குழந்தையின் விரல் எவ்விடத்தில் தடுமாறும் என்பது தெரியாது. அதன் விரலோடு தம் விரலும் நாட்கணக்கில் தடவிச் சென்றவர்க்கே அது விளங்கும்.

எலன் கெல்லருக்குக் கண்ணும் செவியுமாக விளங்கிய ஆன் சல்லிவன் ஆசிரியப் பட்டம் பெற்றவர் அல்லர். பார்வை குன்றியவராகப் பாசுடனில் பெர்க்கின்சு பள்ளியில் பயின்றபோது, பார்வையும் செவியும் இழந்து அங்கே வாழ்ந்த இலாரா பிரிட்சுமனோடு உரையாடுதற்காகவே கைவிரல் எழுத்துகளைக் கற்றார். 1887 மார்ச்சில் அலபாமாவுக்குச் சென்றவர், அடுத்த திங்களிலேயே ஓடும் நீரில் ஒரு கையை நனைத்து மறுகையில் நீரென்னும் சொல்லை எழுதி, எலனின் அறிவுக் கதவைத் திறந்தார். அவ்வெற்றிக்கு வித்திட்டது இலாராவோடு பழகிய பழக்கமே.

நாமும் குற்றம் செய்தவரே. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பில் சொல்வதெழுதுதலில் நாளும் பிழை செய்த மாணவன் ஒருவன் இருந்தான். மக்கு என்று அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். "முன்னால் உட்கார்ந்தால் உங்கள் வாய் தெரியும் ஐயா" என்று ஒருநாள் கேட்டான். குறும்பு என எண்ணிக் கடிந்தோம். ஈராண்டு கழித்து ஒரு மருத்துவ முகாமில், இரு செவிகளிலும் சீழ் வைத்துக் கேட்கும் திறன் பெரிதும் குன்றியிருந்ததைக் கண்டறிந்தனர். அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். செவி குன்றிய ஒரு குழந்தையோடு பத்து நாள் பழகும் பயிற்சி நமக்கு வாய்த்திருந்தால், அவன் கேட்ட சொற்களின் பொருள் அன்றே விளங்கியிருக்கும்.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை: முதலாவது, களப்பயிற்சியைப் பக்கக் கணக்கால் அளவாது, குழந்தையோடு செலவிட்ட நேரத்தால் அளத்தல் வேண்டும். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் ஒரே குழந்தையை ஒரு பள்ளிப் பருவம் முழுமையும் தொடர்ந்து பயிற்றுதல் வேண்டும். இன்று ஒரு குழந்தை, நாளை வேறொன்று என்பது வேடிக்கை பார்ப்பதேயாகும். மூன்றாவது, பட்டறிவு மிக்க சிறப்பாசிரியரே உடனிருந்து வழிநடத்தல் வேண்டும். அப்பணிக்கு உரிய ஊதியமும் நேரமும் அவர்க்கு ஒதுக்கப்படல் வேண்டும். நான்காவது, தமிழ்நாட்டில் இப்பயிற்சியும் பதிவேடும் ஆய்வுக் கருவிகளும் தமிழிலேயே, தமிழ்க் குழந்தைகளின் பேச்சிலிருந்தும் வாழ்விலிருந்தும் ஆக்கப்படல் வேண்டும். ஐந்தாவது, பயிற்சியை மதிப்பிடுங்கால் அக்குழந்தையின் தாய் தந்தையர் கருத்தையும் கேட்டல் வேண்டும்.

சிறப்பாசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களே! அரசு திருந்தும் வரை காத்திராதீர். பதிவேட்டை மூடிவைத்துக் குழந்தையின் அருகே தரையில் அமருங்கள். அது கூறும் முதற்சொல்லைத் தமிழில் கேளுங்கள். பெற்றோரே! உங்கள் குழந்தையின் பெயரை எழுதிச் செல்லும் பயிற்சி மாணவரிடம், "எத்தனை நாள் என் பிள்ளையோடு இருப்பீர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தமிழ்மொழி வாழ்க என்று முழங்கும் நாம், அம்மொழியைச் செவியாற் கேட்க இயலாத குழந்தைக்கும் அதனைக் கொண்டு சேர்த்தாலன்றி நம் முழக்கம் முழுமை பெறாது.