வேலி போட்டும் பிழைக்காத பூச்சி

ஒரு பூச்சியைக் காப்பாற்ற வேலி போட்டார்கள். அந்த வேலியே அதற்கு எமனாக முடிந்தது! இது இங்கிலாந்தில் நடந்த உண்மை.

அங்கே "பெரிய நீலம்" என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. நீலச் சிறகு, அதில் கறுப்புப் புள்ளிகள். அதன் அழகைக் கண்டு ஆசைப்பட்டுப் பலர் வலை வீசிப் பிடித்தார்கள். பூச்சி குறைந்துகொண்டே வந்தது. பிடிப்பவர்களைத் தடுக்க ஓர் இடத்தில் வேலி கட்டினார்கள். ஆட்கள் நுழையவில்லை. ஆடுமாடுகளும் நுழையவில்லை. ஆனாலும் அங்கே பூச்சி அழிந்தது.

என்ன காரணம்? ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி 1972-ம் ஆண்டு முதல் இதை ஆராய்ந்தார்.

எறும்பு வீட்டில் விருந்து

தாய்ப்பூச்சி, "தைம்" என்னும் மணமுள்ள சிறு செடியின் மொட்டில் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து காத்திருக்கும். அந்த வழியே வரும் செவ்வெறும்பு, "இது நம் குஞ்சு" என்று ஏமாந்து, அதைப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். உள்ளே போன புழு சும்மா இருக்குமா? எறும்பின் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்! சுமார் பத்து மாதம் அங்கேதான் வாசம். அடுத்த கோடையில் சிறகு முளைத்து வெளியே வரும்.

ஒரே ஒரு வகைச் செவ்வெறும்பின் புற்றில்தான் இந்தப் புழு நன்றாகப் பிழைக்கும் என்று தாமஸ் கண்டுபிடித்தார். அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். புல் கட்டையாக இருந்தால்தான் தரையில் வெயில் படும். புல்லை மேய்ந்து கட்டையாக வைத்திருந்தவை ஆடு, மாடு, முயல்கள்.

1953-ம் ஆண்டில் இங்கிலாந்து முயல்களிடையே ஒரு கொள்ளைநோய் புகுந்தது. முயல்கள் ஏராளமாக மடிந்தன. பல மேடுகளில் ஆடுமாடு மேய்ப்பதும் நின்றது. புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, அந்த எறும்பு மறைந்தது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-ம் ஆண்டில் அந்த நாட்டில் பூச்சியே இல்லை!

மீண்டும் பறந்தது

பிறகு, மேடுகளில் மறுபடியும் மாடுகளை மேய விட்டார்கள். எறும்பு திரும்பியது. 1983-ம் ஆண்டில் சுவீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று சாமர்செட் பகுதி மேடுகளில் நீலச் சிறகுகள் மீண்டும் பறக்கின்றன.

பூச்சியை மட்டும் காக்க நினைத்தவர்கள் தோற்றார்கள். எறும்பையும் புல்லையும் மாட்டையும் சேர்த்துக் கவனித்தவர்கள் வென்றார்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற நல்ல எண்ணம் மட்டும் போதாது. அது எங்கே வளர்கிறது, எதைத் தின்கிறது, யாரை நம்பி வாழ்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேலி கட்டுவது அதற்குப் பிறகுதான்.