1619 யாருடைய ஆண்டு? அமெரிக்காவையும் உலகத்தையும் ஒரே கொப்பியில் படிக்கச் சொல்லுறம்

1619 எண்டு சொன்னால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு விசயம்தான் ஞாபகம் வரும். பிலிப் டி ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த ஆண்டு அது. சங்கிலி குமாரன் சிறைப்பட்ட ஆண்டு. அதே இலக்கத்தை ஒரு அமெரிக்கப் பிள்ளையிடம் சொல்லுங்கோ. வேர்ஜீனியாவின் பொயிண்ட் கம்ஃபர்ட் கரைக்கு ஒரு கப்பல் வந்து, இருபது சொச்சம் ஆபிரிக்கர்களை இறக்கி விற்ற ஆண்டு எண்டு அது சொல்லும். அமெரிக்க அடிமை வரலாறு அங்கிருந்துதான் தொடங்குது எண்டும் சொல்லும்.

சரி, அந்த ஆபிரிக்கர்கள் எங்கிருந்து வந்தவை? அங்கோலாவிலிருந்து. அங்கே போர்த்துக்கேயர் இந்தோங்கோ இராச்சியத்தின் மேல் நடத்திய போரில் பிடிபட்டவை. லுவாண்டாத் துறைமுகத்தில் போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றப்பட்டு, மெக்சிக்கோவின் வெரக்குரூசுக்குப் போய்க்கொண்டிருந்தவை. வழியில் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் அந்தக் கப்பலை மறித்துப் பறித்துக்கொண்டு வேர்ஜீனியாவுக்கு வந்தார்கள். அப்போது போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே மன்னனின் தலையில் இருந்தன. அங்கோலாவில் இந்தோங்கோவை உடைத்ததும் இங்கே நல்லூரைப் பிடித்ததும் அந்த ஒரே முடியின் படைகள்தான்.

இந்த இரண்டு 1619-ஐயும் ஒரே பாடத்தில் கேட்கிற பிள்ளை உலகத்தில் எத்தனை பேர்? மிகக் குறைவு. ஏனெண்டால் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் "அமெரிக்க வரலாறு" ஒரு பாடம், "உலக வரலாறு" இன்னொரு பாடம். உயர்நிலை வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு வருசம் உலகம், அடுத்த வருசம் அமெரிக்கா. ஏபி சோதனைகளும் அப்படித்தான்: அமெரிக்க வரலாறு 1491-இல் தொடங்கும், உலக வரலாறு 1200-இல் தொடங்கும். ரெண்டுக்கும் ரெண்டு புத்தகம், ரெண்டு ஆசிரியர், ரெண்டு புள்ளி.

இந்தப் பிரிவினை பிழை எண்டு நாங்கள் சொல்லுறம். அதை உடைக்கிற சுதந்திரம் அதிகமாக உள்ள இடம் வீட்டுக்கல்வி. அந்தச் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தின் பிரிவினையை வீட்டு மேசைக்குக் கொண்டுவருகிற பெற்றாரோடுதான் எங்கட சண்டை.

ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டில் வைத்துப் படிப்பிப்பது 1993-க்குள் சட்டபூர்வமாகிவிட்டது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாசில் கேள்வி கேட்பார் குறைவு. பென்சில்வேனியாவில் என்னென்ன பாடம் எண்டு சட்டமே பட்டியல் போடுது; அதில் உலக வரலாறும், அமெரிக்க வரலாறும் தனித்தனிப் பெயராக இருக்கின்றன. ஆனால் பட்டியலில் ரெண்டு பெயர் இருந்தால் மேசையில் ரெண்டு கொப்பி இருக்கவேணும் எண்டு அர்த்தமில்லை. மணி அடிக்காது. அடுத்த பாடத்து ஆசிரியர் வாசலில் நிற்கமாட்டார். காலையில் பொஸ்டன் பற்றி வாசித்தால் பின்னேரம் வங்காளம் பற்றி வாசிக்கலாம்.

பொஸ்டனையே எடுப்பம். 1773 டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். எங்களில் சிலர் அதை நம்மட மலையகத்துத் தேயிலை எண்டு நினைத்திருக்கலாம். இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867-இல். பொஸ்டனில் கொட்டியது சீனத் தேயிலை, கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனி ஏன் அந்த நேரத்தில் அமெரிக்காவில் தேயிலையைத் தள்ளிவிடப் பார்த்தது? கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது. 1769–70 வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான சனம் செத்து, கம்பெனியின் வருமானமும் ஆட்டம் கண்டது. 1772-இல் இலண்டனில் வங்கிகள் விழுந்தன. கம்பெனியைக் காப்பாற்றத்தான் பிரித்தானிய நாடாளுமன்றம் 1773-இல் தேயிலைச் சட்டம் போட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு "வரி கட்ட மறுத்த வீரர்கள்" எண்டு மட்டும் படிப்பித்தால், பிள்ளைக்குக் கிடைக்கிறது ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி மட்டும்தான்.

இன்னொன்று. 1803-இல் அமெரிக்கா லூசியானாவை பிரான்சிடமிருந்து 15 மில்லியன் டொலருக்கு வாங்கி நாட்டை இரட்டிப்பாக்கியது. ஜெபர்சனின் கெட்டித்தனம் எண்டு ஒரு வரி, நெப்போலியனுக்குக் காசு தேவைப்பட்டது எண்டு இன்னொரு வரி. ஆனால் நெப்போலியன் அந்த நிலத்தை வைத்திருக்க நினைத்ததே செந் தொமிங்குவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சோறு போடுற பின்நிலமாகத்தான். அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் 1791-இல் எழுந்தார்கள். அவர்களை அடக்க அனுப்பிய பிரெஞ்சுப் படையைப் போரும் மஞ்சள் காய்ச்சலும் தின்றன. தளபதி லெக்லேர்க்கும் அதே காய்ச்சலில் செத்தார். தீவு கைவிட்டுப் போன பிறகு பின்நிலம் எதுக்கு? விற்றுவிட்டார். 1804 ஜனவரி 1-இல் ஹெயிட்டி சுதந்திர நாடானது. தன்னை இரட்டிப்பாக்கிய அந்தக் கறுப்பினப் புரட்சியின் நாட்டை அமெரிக்கா அங்கீகரித்தது எப்போது? 1862-இல். இந்த விசயம் அமெரிக்க வரலாற்றில் வருமா, உலக வரலாற்றில் வருமா? ரெண்டு ஆசிரியரும் மற்றவர் சொல்லித்தருவார் எண்டு விட்டுவிடுகிற இடம் இதுதான்.

அந்த வெடிப்புக்குள் விழுறவர்கள் பெரும்பாலும் தோற்றவர்களும் ஏழைகளும்தான். இன்றைய சென் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட 1100-ஆம் ஆண்டளவில், கஹோக்கியா எண்டு பூர்வகுடிகளின் பெரிய நகரம் ஒன்று இருந்தது. அமெரிக்க வரலாறு 1607-இலோ 1776-இலோ தொடங்கினால் அந்த நகரம் அதுக்குள் வராது. உலக வரலாறு எகிப்து, ரோமாபுரி, சீனா எண்டு போனால் அதுக்குள்ளும் வராது. சொந்த மண்ணில் இருந்த சனத்துக்கு ரெண்டு பாடத்திலும் இடமில்லை. எங்களுக்கு இந்த வலி விளங்கவேணும்.

இப்ப எதிர்த்தரப்பு. முதலாவது வாதம்: "முதலில் சொந்த நாடு, பிறகு உலகம். சின்னப்பிள்ளை குழம்பிப்போகும்." பிள்ளை குழம்பாது. தேயிலை எங்கிருந்து வந்தது எண்டு எட்டு வயதுப் பிள்ளை தானாகவே கேட்கும். "அது அடுத்த வருசப் பாடம்" எண்டு பதில் சொல்லுறதுதான் அதைக் குழப்பும். ஜெனிவீவ் ஃபொஸ்டர் 1941-இலேயே ஜோர்ஜ் வொஷிங்டனின் உலகம் எண்டு சிறுவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதினார். வொஷிங்டன் உயிரோடு இருந்த காலத்தில் மற்ற நாடுகளில் என்ன நடந்தது எண்டு குறுக்காக வெட்டிக் காட்டுற புத்தகம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல இன்றைக்கும் அதை வாசிக்கினம்.

இரண்டாவது வாதம்: "கலந்தால் அமெரிக்கா கரைஞ்சு போயிடும்." இதில் ஒரு நியாயம் இருக்கு. சூசன் வைஸ் பாவரும் தாய் ஜெசி வைஸும் 1999-இல் வெளியிட்ட வீட்டுக்கல்விக் கைநூல் பெரிய செல்வாக்குப் பெற்றது. பழங்காலம், இடைக்காலம், முன்னவீன காலம், நவீன காலம் எண்டு நான்கு வருசச் சுற்று. பன்னிரண்டு வருசத்தில் மூன்று தரம். அந்த ஒழுங்கில் அமெரிக்கா பெரும்பாலும் பின் இரண்டு வருசத்துக்குள்தான் வருது. சில பெற்றார் பயந்து, நடுவில் ஒரு வருசத்தை வெட்டி எடுத்து அமெரிக்காவுக்கு மட்டும் ஒதுக்குகினம். பயம் விளங்குது. ஆனால் மருந்து பிழை. தனி வருசம் கொடுத்தால் பக்கம் கூடும், காரணங்கள் குறையும். அரசியலமைப்பு, உள்நாட்டுப் போர், குடியுரிமைப் போராட்டம் எல்லாத்தையும் ஆழமாகப் படிக்கட்டும். அவை தொட்ட மற்ற நாடுகளோடு சேர்த்துப் படிக்கட்டும். 1861-இல் தென்மாநிலப் பருத்தி நின்றபோது லங்காசயர் நெசவாளர் பட்டினி கிடந்ததும், எகிப்திலும் இந்தியாவிலும் பருத்தி விலை ஏறியதும், போர் முடிய பம்பாய்ப் பங்குச் சந்தை விழுந்ததும் சேர்ந்ததுதான் அந்த உள்நாட்டுப் போர்.

மூன்றாவது ஆட்கள் எங்களுக்குச் சார்பானவர்கள் மாதிரித் தெரிவார்கள். அவர்களோடு கூடுதலாகக் கோபம் வருது. சுவரில் நீளமான காலக்கோடு ஒன்று ஒட்டுவார்கள். மேலே அமெரிக்கா, கீழே "உலகம்". 1776-க்குக் கீழே எங்கேயோ நடந்த ஒரு விசயத்தைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, "நாங்கள் ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பிக்கிறம்" எண்டு சொல்லுவார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் சேர்ந்ததாகாது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருக்கிறவர் எல்லாம் சொந்தக்காரரா? அமெரிக்கா தண்டவாளமாகவும் மற்ற நாடுகள் யன்னலுக்கு வெளியே போகிற மரங்களாகவும் இருக்கிற வரைக்கும் அது அமெரிக்க வரலாறுதான், கொஞ்சம் அலங்காரத்தோடு.

அப்ப எப்படிச் சேர்க்கிறது? திகதியைப் பிடிக்காமல் ஒரு பொருளை, ஒரு கப்பலை, ஒரு ஆளைப் பிடியுங்கோ. மூன்று கேள்வி போதும். இது எங்கிருந்து வந்தது? இதுக்கு யார் காசு கொடுத்தது? இது நடந்ததால் வேற எங்கே, யாருக்கு, என்ன நடந்தது? கோர்ன்வாலிசைப் பிடியுங்கோ. 1781-இல் யோர்க்டவுனில் வொஷிங்டனிடம் சரணடைந்த ஆள். அமெரிக்கப் புத்தகத்தில் அவர் கதை அதோடு முடியும். அதே ஆள் 1786-இல் இந்தியாவின் ஆளுநர் நாயகமாகப் போய், 1792-இல் திப்பு சுல்தானைப் பாதி இராச்சியம் விட்டுக்கொடுக்க வைத்து, 1793-இல் வங்காளத்தில் சமீன்தாரி முறையை நிரந்தரமாக்கினார். அங்கே தோற்ற பேரரசு இங்கே வந்து என்ன செய்தது எண்டு பிள்ளை தானாகக் கேட்கத் தொடங்கும்.

"அமெரிக்கப் பெற்றார் தங்கட வீட்டில் என்ன படிப்பிச்சால் உங்களுக்கு என்ன?" எண்டு கேட்கிறவர்களுக்கு எங்கட பதில் திருகோணமலை. அமெரிக்கர்களோடு ஒல்லாந்தர் வியாபாரம் செய்தது பிரித்தானியருக்குப் பிடிக்கவில்லை. 1780 கடைசியில் ஒல்லாந்து மேல் போர் அறிவித்தார்கள். அந்தப் போரின் பேரில் 1782 ஜனவரியில் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்டில் அமெரிக்கர்களின் கூட்டாளியான பிரான்சின் கடற்தளபதி சஃப்ரன் அதைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தார். செப்ரெம்பர் 3-ஆம் திகதி திருமலைக் கடலில் பெரிய சண்டை. யோர்க்டவுன் முடிந்து கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குப் பிறகும் அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஒரு துண்டு எங்கட கடலில் நடந்துகொண்டிருந்தது. அதே 1782-இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஹைதர் அலி. மைசூரில் பிரித்தானியரோடு மோதுகிறவர் யார் எண்டு அன்றைக்கு டெலவெயர்க் கரையில் இருந்த சனத்துக்குத் தெரிஞ்சிருந்தது. இன்றைக்கு அவர்களின் பிள்ளைகளுக்கு அதை மறைப்பது பாடத்திட்டம்.

பிறகு 1816-இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1847-இல் வந்த வைத்தியர் கிறீனின் மானிப்பாய் மருத்துவக் கல்வி. இதுகளை நாங்கள் எங்கட கல்வி வரலாறாகப் படிக்கிறம். நியூ இங்கிலாந்தில் அந்த நேரத்தில் எழுந்த மத எழுச்சி ஏன் தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி இவ்வளவு தூரம் அனுப்பியது எண்டு கேட்காமல் அந்த வரலாறு முழுமையாகாது. அமெரிக்கப் பிள்ளைக்கும் தன் நாட்டின் அந்த எழுச்சி வட்டுக்கோட்டையில் என்ன செய்தது, அங்கே இருந்த சைவர்கள் அதுக்கு என்ன பதில் சொன்னார்கள் எண்டு தெரியாமல் முழுமையாகாது.

பென்சில்வேனியாவிலோ டெக்சாசிலோ பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற மச்சாளோ சித்தியோ உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கோ: அடுத்த தவணைக்கு ரெண்டு கொப்பி வாங்க வேண்டாம். ஒன்று வாங்குங்கோ. முதல் பக்கத்தில் உலக வரைபடம் ஒன்றை ஒட்டி, யோர்க்டவுனிலும் திருகோணமலையிலும் புள்ளி வைத்து, ரெண்டுக்கும் இடையில் கோடு கீறச் சொல்லுங்கோ. அந்தக் கோட்டில் யார் யார் போய்வந்தார்கள் எண்டு பிள்ளையே தேடட்டும்.