மகளுக்கு பேனர்... அம்மாவுக்கு?

2020ல் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினோம். 2021 ஜனவரியில் பட்டாசு வெடித்தோம். 2024 நவம்பரில் கோயிலில் பூஜையும் போட்டோம். எல்லாம் கமலா ஹாரிஸுக்கு! சரி, சியாமளா கோபாலன் யார் என்று கேளுங்கள். "கமலாவோட அம்மா." அவ்வளவுதான் பதில்.

1938ல் சென்னையில் பிறந்தவர். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்தது மனையியல். 1958ல், 19 வயதில், தனியாக அமெரிக்காவின் பெர்க்லிக்குப் போனார். முதல் வருடச் செலவுக்குச் சேமிப்பை எடுத்துக் கொடுத்தது அப்பா பி.வி.கோபாலன். 1964ல் முனைவர் பட்டம். பிறகு பெர்க்லி, மாண்ட்ரியல் என்று பல வருடம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி. புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி பற்றிய ஆய்வு அவருடையது. இன்று மார்பகக் கட்டியில் அந்த ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சிகிச்சையையே முடிவு செய்கிறார்கள். 2009ல் குடல் புற்றுநோயால் இறந்தார்.

இதெல்லாம் எந்த பேனரில் வந்தது?

எங்கள் திருமழிசையில் காதுகுத்துக்கும் பேனர் உண்டு. ஆனால் எம்.எஸ்ஸி. முடித்த பெண் பி.எச்டி. என்று வாயைத் திறந்தால், "மாப்பிள்ளை கிடைக்காதும்மா" என்கிறார்கள். 1958ல் ஓர் அப்பாவுக்கு இருந்த தைரியம் இப்போது எங்கே போச்சு? நகைக்குச் சேர்க்கும் பணத்தில் கொஞ்சம் படிப்புக்கும் எடுங்கள் சாமிகளா. பேனரை அப்புறம் கட்டலாம்.