நிழலில் 48 டிகிரி! வெயிலில் நிற்பவனின் கணக்கு எங்கே?

குவைத்தில் ஜூலை மாதத்து வானிலை அறிக்கை எதை எடுத்துப் படித்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். வரும் வாரம் வானம் தெளிவாக இருக்கும், மழைக்கு இடமில்லை, வடமேற்குக் காற்று வீசும், திறந்த வெளிகளில் புழுதி கிளம்பும், அதிகபட்ச வெப்பம் 46 டிகிரி, 47 டிகிரி, 48 டிகிரி. முடிவில் ஓர் உபதேசம்: நண்பகலில் வெளியே போகாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

யாருக்கு இந்த உபதேசம் என்று நாம் கேட்கிறோம். குளிரூட்டிய மாளிகையில் இருப்பவனுக்கு இது தேவையில்லை. சாரத்தின் மேல் நின்று கம்பி கட்டுகிறவனுக்கு இதனால் பயனில்லை. வெளியே போகாதிருக்கும் உரிமை அவனுக்கு உண்டா? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்போது, "இன்று வெயில் அதிகம், வேலைக்கு வரமாட்டேன்" என்று மேஸ்திரியிடம் அவன் சொல்லிவிட முடியுமா?

அறிக்கை சொல்லும் அந்த 48 டிகிரியும் நிழலின் கணக்கு. வெயில் படாமல், காற்று மட்டும் புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. 2016-ம் வருடம் ஜூலை 21-ம் தேதி குவைத்தின் மித்ரிபாவில் பதிவாகி, உலக வானிலை அமைப்பு 2019-ல் உறுதிசெய்த 53.9 டிகிரியும் நிழலின் கணக்கே. உலகமெங்கும் அப்படித்தான் அளக்கிறார்கள், அதில் குற்றமில்லை. விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டை கிடையாது. ஆனால் தொழிலாளி அந்த வெள்ளைப் பெட்டிக்குள் நிற்கவில்லை! தலைக்கு மேல் சூரியன், காலடியில் கொதிக்கும் தார், கையில் பழுக்கக் காய்ந்த இரும்பு. இவற்றை எந்த வார அறிக்கை கணக்கில் எடுத்துக்கொள்கிறது?

கடலோர நகரங்களில் இன்னொரு கொடுமை. அங்கே வெப்பமானி 40 டிகிரிதான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை உலராது. வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது; இருதயமும் சிறுநீரகமும் தாங்காது. உள்நாட்டின் 48 டிகிரியைவிடக் கடலோரத்தின் 40 டிகிரி சில நாட்களில் அதிக ஆபத்தானது.

"சட்டம் இருக்கிறதே!" என்று முதலாளிமார்களின் வக்கீல்கள் குறுக்கிடுகிறார்கள். இருக்கிறது, அதன் யோக்கியதையைப் பார்ப்போம். குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்டு 31 வரை, காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை, வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதே தேதிகளில் 12.30 முதல் 3 மணி வரை.

பகலின் உச்ச வெப்பம் பெரும்பாலும் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில்தான் வருகிறது. 3 மணிக்கு மணி அடித்துத் தொழிலாளியை வெயிலுக்கு அனுப்புவது பாதுகாப்பா, பரிகாசமா? ஆகஸ்டு 31-ல் கொல்லும் வெயில் செப்டம்பர் 1-ல் குளிர்ந்துவிடுமா? சூரியன் என்ன, காலண்டர் பார்த்தா சுடுகிறது? இதற்கும் மேலே விலக்குகள் வேறு! அமீரகத்தில் தார் போடுவது, கான்கிரீட் கொட்டுவது போன்ற வேலைகளை நிறுத்த முடியாது என்றால் தடை கிடையாது. எந்த வேலையில் அனல் அதிகமோ அந்த வேலைக்கே விலக்கு!

வேறு வழி இல்லையா? இருக்கிறது. வெயில், காற்றின் ஈரம், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் முறை 1950-களிலேயே வந்துவிட்டது. அதை உண்டாக்கியது யார்? அமெரிக்க ராணுவம்! பயிற்சி முகாம்களில் சிப்பாய்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தார்கள். உடனே அளவுகோல் பிறந்தது. சிப்பாய் விழுந்தால் யுத்தத்துக்கு நஷ்டம். தொழிலாளி விழுந்தால் அடுத்த விமானத்தில் வேறு ஆள் வருவான். இதுதான் முதலாளித்துவத்தின் கணக்கு.

கத்தாரில் 2021-ல் அந்த அளவுகோல் சட்டத்தில் ஏறியது. அளவு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று ஷரத்து வந்தது. இது மன்னரின் கருணையால் வந்ததல்ல. உலகக் கோப்பைப் பந்தாட்ட மைதானங்களைக் கட்டியவர்களின் மரணங்களைப் பற்றி உலகத் தொழிற்சங்கங்கள் ஓயாமல் குரல் எழுப்பியதால் வந்தது.

ஆனால் அளவுகோலை யார் கையில் பிடிப்பது? கங்காணியா, தொழிலாளியா? கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சவூதியிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கம் அமைக்க உரிமை இல்லை. கத்தாரில் சங்க உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டும். மைதானங்களைக் கட்டிய வெளிநாட்டவனுக்கு இல்லை. அந்தப் பாலைவன மண்ணுக்குப் போராட்டம் புதிதல்ல. 1953-ல் அராம்கோ எண்ணெய்க் கம்பெனியை ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தால் உலுக்கினார்கள். 1956-ல் வேலைநிறுத்தமே குற்றம் என்று மன்னர் கட்டளை பிறப்பித்தார். அந்தக் கட்டளையின் நிழலில்தான் இன்றும் கட்டிடங்கள் எழும்புகின்றன.

மரணம் வந்தாலும் அநீதி முடிவதில்லை. திடகாத்திரமாக விமானம் ஏறிய இளைஞன் பெட்டியில் திரும்புகிறான். கூடவரும் காகிதம், "இருதயம் நின்றது, இயற்கை மரணம்" என்கிறது. யாருடைய இருதயம்தான் சாகும்போது நிற்காது? அந்த ஒரு வரியால் முதலாளியின் பொறுப்பு கழிகிறது. விதவைக்கு நஷ்டஈடு மறுக்கப்படுகிறது. ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் தஞ்சையிலும் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் காகிதத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

டில்லி சர்க்கார் என்ன செய்கிறது? உலகெங்கும் உள்ள இந்தியர்கள் 2022-ல் தாயகத்துக்கு அனுப்பிய பணம் 10,000 கோடி டாலருக்கு மேல். அந்தத் தொகையைச் சொல்லி மார்தட்டத் தெரிந்தவர்களுக்கு, அதில் ஒரு பங்கைச் சம்பாதித்துத் தந்தவனின் வேர்வையை அளக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை!

நாம் கேட்பது பிச்சையல்ல. தேதியையும் கடிகாரத்தையும் விட்டு, வேலை நடக்கும் இடத்திலேயே வெப்பத்தை அளந்து வேலையை நிறுத்து! நிறுத்திய நேரத்துக்கு முழுக் கூலி கொடு! காரணம் தெரியாத ஒவ்வொரு மரணத்தையும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்து! வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சங்க உரிமை வழங்கு! இந்த நிபந்தனைகளை வளைகுடா அரசுகளோடு செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இந்திய சர்க்கார் எழுதி வாங்க வேண்டும்.

வரும் வாரமும் வெயில் குறையாது. அறிக்கை சொல்வது சரிதான். வெயிலை நாம் குறைக்க முடியாது. வெயிலை லாபமாக்கும் கொடுமையை முறியடிக்க முடியும். அந்த வலிமை உழைப்பாளி மக்களின் ஒற்றுமைக்கு உண்டு!