வடமும் முட்டுக்கட்டையும்

திருப்பூரில் ஒரு பனியன் அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஏழெட்டுக் கூரைகளையாவது பார்த்துவிடுகிறது. நூற்பாலையிலிருந்து வரும் நூல் நிட்டிங் கூடத்தில் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு பிரிண்டிங். கட்டிங் முடிந்த துண்டுகள் தையலுக்காகப் பவர்டேபிள் யூனிட்டைத் தேடிப் போகின்றன. செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிந்து, கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படுகிறது. இந்தக் கூரைகள் பெரும்பாலும் வெவ்வேறு முதலாளிகளுக்குச் சொந்தமானவை. ஆனால் கப்பலுக்குக் குறித்த தேதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

விநியோகச் சங்கிலி மேலாண்மை என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இந்த எளிய நிலைமையே. பொருள் பலர் கையில் இருக்கிறது. கெடு ஒன்றாக இருக்கிறது. கீத் ஆலிவர் என்ற மேலாண்மை ஆலோசகர் 1982-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வேலை அதைவிட மிகப் பழையது. சரக்கு ஒரு திசையில் போகிறது, பணம் எதிர்த்திசையில் வருகிறது, தகவல் இரண்டு திசையிலும் ஓட வேண்டும். இந்த மூன்றும் தடையில்லாமல் நகர்ந்தால் தொழில் நடக்கிறது. ஒன்று தேங்கினாலும் மற்ற இரண்டும் தேங்குகின்றன. நம் ஊர்த் தொழில்களில் சரக்கை நகர்த்தும் திறமைக்குக் குறைவே இல்லை. பணமும் தகவலும் நகரும் வேகத்தைப் பற்றித்தான் நாம் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தகவல். குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஒரு விசித்திரத்தைக் கண்டது. குழந்தைகளின் தேவை மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. கடைக்காரர் கேட்கும் அளவு சற்று ஏறி இறங்கியது. மொத்த வியாபாரி கேட்ட அளவு அதைவிட அதிகம் ஏறி இறங்கியது. மூலப்பொருள் தருபவரிடம் போனபோது ஆட்டம் இன்னும் பெரிதாகிவிட்டது. பிடியில் மணிக்கட்டு லேசாக அசைய, நுனி சுழன்று வீசுகிற சாட்டையைப் போல. இதனால் இதற்குச் சாட்டை விளைவு என்றே பெயர் வந்தது. ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே இத்தகைய ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தார்; ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் 1997-ல் அதன் காரணங்களை விளக்கினார்கள். அவற்றில் முக்கியமானது, ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருப்பவரின் ஆர்டரை மட்டும் பார்க்கிறார்கள், கடைசியில் வாங்குபவரின் உண்மையான தேவை யார் கண்ணிலும் படுவதில்லை என்பது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்வதில்லை. தமக்குத் தட்டுப்பாடு வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொருவரும் எடுக்கும் முன்னெச்சரிக்கையே எல்லோருக்குமான நெருக்கடியாகத் திரண்டு நிற்கிறது.

2022-ல் பஞ்சு விலை இந்தப் பாடத்தை நமக்கு வீட்டு வாசலிலேயே நடத்தியது. அந்த மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆடை தயாரிப்பவர்களின் வாதம் நியாயமானது: வெளிநாட்டு பையரிடம் பல மாதங்களுக்கு முன்பே விலை பேசி முடித்தாகிவிட்டது, நூல் விலையோ மாதாமாதம் ஏறினால் எங்கே போவது? நூற்பாலைகளின் பதிலும் நியாயமானது: பஞ்சு வரத்துக் காலம் சில மாதங்கள்தான், வங்கிக் கடன் வாங்கி அன்றைய விலைக்குத்தானே வாங்க முடிகிறது, அதைக் குறைத்து விற்றால் ஆலை எப்படி ஓடும்? பஞ்சு இறக்குமதி வரிக்கு ஏப்ரலிலேயே மத்திய அரசு விலக்கு அளித்திருந்தது. ஆண்டின் பிற்பகுதியில் விலை இறங்கியது, தேவையும் இறங்கியது. உச்ச விலையில் வாங்கிக் குவித்தவர்கள் கையில் சரக்கோடு நின்றார்கள். வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு தரப்பு நஷ்டப்பட்டது. மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் யாரும் பெரிதாக வென்றதாகத் தெரியவில்லை.

அடுத்தது பணம். திருப்பூரில் தையல்காரருக்கும் செக்கிங் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் சனிக்கிழமை சம்பளம். பவர்டேபிள் நடத்துபவர் அந்த வாரப் பணத்தை எங்கிருந்தாவது புரட்டியே ஆக வேண்டும். அவருக்கு வர வேண்டிய ஜாப் ஒர்க் பில்லோ மாதக் கணக்கில் நிற்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்றும் சொல்கிறது. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும்.

சட்டம் சிறியவர் பக்கம் நிற்பது சரியே. அதே சமயம் ஏற்றுமதியாளரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அவருடைய பையர் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் அனுப்புகிறார். அதற்குள் ஆர்டர் ரத்தாகலாம். சரக்கு தாமதமானால் தம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கலாம். கெடு கடுமையானால் பெரிய நிறுவனங்கள் சிறு யூனிட்டுகளைத் தவிர்த்துவிடுமோ என்ற அச்சம் சிறியவர்களிடமே இருக்கிறது. இரண்டு பக்கமும் மூச்சுவிட ஒரு வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் டிரெட்ஸ் தளங்களில் பில்லைப் பதிவு செய்தால், வங்கிகள் ஏலம் கேட்டு விற்றவருக்கு உடனே பணம் தருகின்றன. சரக்கை வாங்கியவர் கெடு நாளில் வங்கிக்குச் செலுத்துகிறார். ஆனால் சரக்கை வாங்கியவர் அந்தப் பில்லை ஒப்புக்கொண்டால்தான் ஏலமே நடக்கும். பெரியவரின் ஒரு கையெழுத்து சிறியவரின் கந்து வட்டியை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, சரக்கு. எவ்வளவு இருப்பு வைப்பது என்பது வணிகத்தின் பழைய கேள்வி. கூடுதலாக வைத்தால் பணம் முடங்கும். குறைவாக வைத்தால் வேலை நிற்கும். டொயோட்டா நிறுவனம் தேவையான பொருளைத் தேவையான நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறையை வளர்த்து உலகத்துக்கே வழிகாட்டியது. ஆனால் 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை தீப்பற்றியது. டொயோட்டா கார்களுக்கான ஒரு சிறிய பிரேக் வால்வை ஏறத்தாழ முழுவதுமாக அந்த ஓர் ஆலைதான் செய்துவந்தது. கையிருப்போ மிகச் சொற்பம். அந்த வால்வு இல்லாமல் ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் வரிசையாக நின்றன.

பின்பு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஐசின் தன் வரைபடங்களைப் பிறருக்குத் திறந்து கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வால்வு செய்ய முன்வந்தன. தையல் இயந்திரம் தயாரிக்கும் பிரதர் நிறுவனம்கூட அதில் சேர்ந்தது. விலை பேசுவதும் உரிமை பேசுவதும் பின்னுக்குப் போயின. ஒரு வாரத்தையொட்டி ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. ஒரே இடத்தை நம்பியது தவறு என்று இந்தக் கதையைப் படிக்கலாம். பல ஆண்டு உறவுதான் காப்பாற்றியது என்றும் படிக்கலாம். இரண்டும் சரி. நல்லுறவு இருக்கிறது என்பதற்காக மாற்று ஏற்பாட்டைக் கைவிட வேண்டாம். மாற்று ஏற்பாடு இருக்கிறது என்பதற்காக உறவையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

இப்படிச் சேர்ந்து மீண்ட அனுபவம் திருப்பூருக்கும் உண்டு. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயியின் வேதனை நியாயம். ஒரே வாரத்தில் வேலை இழந்த தொழிலாளியின் வேதனையும் நியாயம். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குத் தனித்தனியாக மாற எல்லாச் சாயப்பட்டறைகளுக்கும் வசதியில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியாகச் சேர்ந்து மாறினார்கள். தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினார்கள். செலவு கூடியது உண்மை. இன்று வெளிநாட்டு பையரிடம் திருப்பூர் பெருமையோடு எடுத்துச் சொல்லும் தகுதிகளில் அதுவும் ஒன்று. நதியும் சங்கிலியில் ஒரு தரப்பு என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கற்றோம். எல்லாப் பழுதும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கற்றுக்கொண்டதை மறக்கத் தேவையில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது: இந்தச் சுமையை யார் தாங்குவது? பையர் ஏற்றுமதியாளரிடம் விலைக் குறைப்புக் கேட்பார். ஏற்றுமதியாளர் நூற்பாலையிடமும் ஜாப் ஒர்க் செய்பவரிடமும் கேட்பார். அவர் யாரிடம் கேட்பார்? சுமையை அடுத்தவர் தோளுக்கு மாற்றுவது இயல்பு. ஆனால் மாற்றிய சுமை மறைவதில்லை. தாங்க முடியாதவரிடம் போய்ச் சேர்ந்தால் அவர் யூனிட்டை மூடுகிறார். நல்ல ஆர்டர் திரும்பி வரும் நாளில் தைத்துத் தர ஆள் இருப்பதில்லை.

ஒரே சுமையைப் பலர் சேர்ந்து நகர்த்துவது தேரோட்டம் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் கண் முன்னால் இருக்கும். சக்கரத்தை ஒட்டி நடப்பவர்கள் ஒரு சிலர். அவர்கள் கையில் கட்டை இருக்கும். முட்டுக்கட்டை என்றால் தடை என்று பேச்சில் பழகிவிட்டோம். தேருக்கு அதுதான் திசை. வீதி திரும்பும் இடத்தில் அந்தக் கட்டை விழாவிட்டால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்கும். கட்டை போடுபவரின் குரல் வடம் பிடிப்பவருக்கு எட்ட வேண்டும். தொழிலில் கொஞ்சம் கூடுதல் இருப்பும், எழுத்தில் போட்ட தேதியும், ‘இவ்வளவுதான் எங்களால் முடியும்’ என்ற நேர்மையான பதிலும் இத்தகைய கட்டைகளே. அவை வேகத்தைக் குறைப்பதுபோலத் தோன்றும். தேர் நிலைக்கு வந்து சேர்வது அவற்றால்தான்.

நடைமுறையில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆர்டர் தருபவர், உறுதியான அளவு எது, எதிர்பார்க்கும் அளவு எது என்று பிரித்துச் சொல்லலாம். வேலை எடுப்பவர் தம் இயந்திரக் கணக்குக்கு மேல் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். ஒப்புக்கொண்டுவிட்டு இன்னொருவரிடம் சத்தமில்லாமல் தள்ளிவிடுவதும் நம்பிக்கையைக் குலைப்பதுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தீபாவளிக்கும் சாத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள் என்பது ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. ஷிப்மென்ட் தேதியை அதற்கேற்பக் குறிக்கலாம். தொழில் சங்கங்கள் நூல் விலை, கண்டெய்னர் நிலவரம் போன்ற பொதுத் தகவல்களைச் சிறு யூனிட்டுகளுக்கும் எட்டும்படிப் பகிரலாம். அரசு, சட்டத்தை இயற்றியதோடு நிற்காமல், பாக்கி பற்றிய புகார்களைத் தீர்க்கும் மன்றங்கள் விரைந்து இயங்க வழி செய்யலாம்.

வாசகர்களாகிய நாமும் வெளியே நிற்கவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் தையல்கடையை நெருக்குபவரும், மளிகைக் கடையில் மாதக் கணக்கை இழுத்தடிப்பவரும், வதந்தி கேட்டு ஒரு மூட்டைக்கு இரண்டாக வாங்கிப் போடுபவரும் நம்மில்தான் இருக்கிறார்கள். சாட்டையின் பிடி கடைசியாக நம் கையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரே ஒரு பில்லில், பணம் தரும் தேதியை ஒரு முதலாளி எழுதிக் கொடுக்கட்டும். ஒரே ஓர் ஆர்டருக்கு, ‘இந்தத் தேதிக்கு முடியாது, நான்கு நாள் வேண்டும்’ என்று ஒரு ஜாப் ஒர்க்காரர் முன்கூட்டியே சொல்லட்டும். அதைக் கேட்பவர் கோபப்படாமல் தேதியை மாற்றிக் குறித்துக்கொள்ளட்டும். வரும் சனிக்கிழமைச் சம்பளம் தட்டில்லாமல் போய்ச் சேரும்.